வகுப்பறையில் காமிரா எதற்கு?

உங்கள் பள்ளியில் எத்தனை கண்காணிப்புக் காமிராக்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? வாயிற்கதவருகே ஒன்று, சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒன்று, தலைமையாசிரியர் அறைக்கு எதிரே ஒன்று. இவை எல்லோருக்கும் தெரியும். மாடிப்படித் திருப்பத்தில் இருப்பதும், கவிழ்த்த கிண்ணம்போலக் கூரையோடு ஒட்டிக்கொண்டிருப்பதும் சட்டென்று கண்ணில் படுவதில்லை. நாளைக்கு எண்ணிப் பாருங்கள். எண்ணும்போது இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: அவற்றில் எத்தனை வகுப்பறைக்குள் இருக்கின்றன?

இதை ஏன் கேட்கிறேன்? 2025 ஜூலை 21 அன்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், அதாவது சி.பி.எஸ்.இ., பள்ளிகளுக்கான தன் விதிகளைத் திருத்தியது. அதன்படி அவ்வாரியத்தின் பள்ளிகளில் வாயில்கள், வராந்தாக்கள், மாடிப்படிகள், ஆய்வுக்கூடங்கள், நூலகம், உணவகம், விளையாட்டுத் திடல் இவற்றோடு எல்லா வகுப்பறைகளிலும் காமிரா இருக்க வேண்டும். கழிப்பறைகளுக்கு மட்டும் விலக்கு. படம் மட்டும் போதாது. ஒலியும் பதிவாக வேண்டும். குறைந்தது 15 நாள் பதிவைச் சேமித்து வைக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் இவ்வாரியத்தைச் சேர்ந்த பள்ளிகள் ஏராளம். அதில் படிக்காதவர்களும் ‘நமக்கென்ன’ என்று இருந்துவிட வேண்டாம். ஒரு வாரியத்தில் வந்த வழக்கம் அடுத்த வாரியத்துக்கு நடந்து வர அதிக நாள் ஆகாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாயிலிலும் மாடிப்படியிலும் வராந்தாவிலும் காமிரா இருக்கட்டும். வகுப்பறைக்குள் வேண்டாம். ஒலிப்பதிவு எங்குமே வேண்டாம். காரணங்களை, விஞ்ஞான மாணவர்கள் ஒரு கருவியை ஆராய்வது போலவே ஆராய்வோம். ஒரு தெர்மாமீட்டர் கையில் கிடைத்தால் என்ன கேட்போம்? இது எதை அளக்கிறது? எவ்வளவு துல்லியமாக அளக்கிறது? அளக்கப் போனதாலேயே அளக்கப்படும் பொருள் மாறிவிடுமா? ஒரு ஸ்பூன் வெந்நீரில் குளிர்ந்த தெர்மாமீட்டரை வைத்தால் நீரின் வெப்பநிலையே இறங்கிவிடும் அல்லவா? காமிராவிடமும் இதே கேள்விகளைக் கேட்கலாம்.

முதலில் கருவியைத் தெரிந்துகொள்வோம். காமிராவினுள் லென்சுக்குப் பின்னால் ஒரு சிலிக்கான் சில்லு இருக்கிறது. அதன்மேல் பல லட்சம் நுண்ணிய கட்டங்கள். ஒரு கட்டத்தில் ஒளி விழுந்தால் அங்கே எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. எத்தனை விடுபட்டன என்பதை எண்ணாக மாற்றினால் அந்தப் புள்ளியின் வெளிச்சம் தெரிந்துவிடும். இவ்வாறு மின்னூட்டத்தைக் கொண்டு படம் பிடிக்கும் சில்லு ஒன்றை 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவர் வகுத்தனர். 2009-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றனர். இன்றைய காமிராக்களில் இருப்பது அதற்குப் பின் வந்த வேறு வகைச் சில்லு. என்றாலும் அடிப்படை அதேதான்.

சிலிக்கானுக்கு நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் தெரியும். இருட்டிலும் காமிரா படம் பிடிப்பது அதனால்தான்; அதைச் சுற்றியுள்ள சிறு விளக்குகள் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகின்றன. இன்றிரவே சோதித்துப் பார்க்கலாம். டி.வி. ரிமோட்டின் முனையை ஒரு கைப்பேசிக் காமிராவுக்கு நேரே பிடித்து, ஏதாவது ஒரு பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கைப்பேசித் திரையிலோ விளக்கு மின்னும். (சில கைப்பேசிகளில் பின்பக்கக் காமிரா அந்த ஒளியை வடிகட்டிவிடும். முன்பக்கக் காமிராவில் முயலுங்கள்.)

இனி ஒரு கணக்கு. சாதாரணக் கண்காணிப்புக் காமிராவின் படம் அகலத்தில் 1,920 புள்ளிகளும் உயரத்தில் 1,080 புள்ளிகளும் கொண்டது. மொத்தம் 20 லட்சத்துக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைட், விநாடிக்கு 25 படம் என்றால் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 155 மெகாபைட். இதை அப்படியே யாரும் சேமிப்பதில்லை. கரும்பலகையும் சுவரும் அசைவதில்லை. அவற்றைத் திரும்பத் திரும்ப எழுதி வைப்பானேன்? முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டும் குறித்துக்கொண்டு, நுணுக்கங்களிலும் பலவற்றைக் கழித்து, விநாடிக்குக் கால் மெகாபைட் அளவுக்குச் சுருக்கிவிடலாம். அப்படியும் ஒரு காமிரா ஒரு நாளில் 21.6 ஜிகாபைட்டை நிரப்பும். ஒரு பள்ளியில் 40 காமிராக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 நாளைக்கு ஏறக்குறைய 13,000 ஜிகாபைட்.

சேமிப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. நாலைந்து வட்டுகளில் அடங்கிவிடும். ஆனால் அதை யார் பார்ப்பது? பள்ளி நேரத்தை 8 மணி என்று கொண்டால் 40 காமிராக்கள், 15 நாள்கள்: மொத்தம் 4,800 மணி நேரப் படம். ஒருவர் தினமும் 8 மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாலும் 600 நாள் ஆகும்! 15 நாளில் நடந்ததைப் பார்த்து முடிக்க ஒன்றரை ஆண்டுக்கும் மேல்.

‘எல்லாத் திரைகளையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்தலாமே’ என்பீர்கள். இதற்கு ஒரு பழைய சோதனை பதில் சொல்கிறது. இரண்டாம் உலகப் போரில் ராடார் திரைமுன் அமர்ந்திருந்த பிரிட்டிஷ் விமானப் படையினர், நேரம் ஆக ஆகத் திரையில் தெரியும் சிறு புள்ளிகளைத் தவறவிட்டனர். இதை ஆராய நார்மன் மாக்வர்த் என்ற உளவியலறிஞர் ஒரு விநோதக் கடிகாரம் செய்தார். அதில் எண்கள் இல்லை; ஒரு முள் மட்டும் விநாடிக்கு ஓர் அடி நகரும். எப்போதாவது ஒருமுறை இரண்டடி தாவும். தாவியதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. இரண்டு மணி நேரம் நடந்த அச்சோதனையில், முதல் அரை மணிக்குப் பிறகே தவறவிடுவது நன்றாகக் கூடிவிட்டது. 1948-ல் வெளியான முடிவு இது. சோதனைக்கு உட்பட்டவர்கள் சோம்பேறிகள் அல்லர். ஒன்றும் நடக்காத திரையை வெகுநேரம் கவனிக்கும்படி மனித மூளை அமையவில்லை. அவர்களுக்கு ஒரு முள். நம் காவலாளிக்கு 40 திரைகள்!

ஆகவே பள்ளிக் காமிராவை ‘மூன்றாவது கண்’ என்று விளம்பரம் செய்வது பொருந்தாது. அதை மறக்காத ஒரு நோட்டு என்று சொல்லலாம். நடப்பதைத் தடுக்க அதனால் அநேகமாக முடியாது. நடந்து முடிந்ததைச் சொல்ல முடியும்.

அப்படிச் சொல்வது சிறிய உதவியா? இல்லை. 2017 செப்டம்பரில் ஹரியானாவில் குருகிராம் நகரத்துப் பள்ளி ஒன்றில் ஏழு வயதுச் சிறுவன் கொலையுண்டான். அன்றே பள்ளிப் பேருந்தின் கண்டக்டர் கைதானார். குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்றும் சொல்லப்பட்டது. பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கை ஏற்றுக் காமிராப் பதிவுகளையும் பிற தடயங்களையும் ஆராய்ந்தபோது விசாரணை வேறு திசையில் திரும்பியது. 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் கண்டக்டரை விடுவித்தது. இப்படி ஒரு பதிவின் அருமையை யாரும் மறுக்க முடியாது. ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே உதவியது வராந்தாவைப் பார்த்த காமிரா. யார் எப்போது அவ்வழியே போனார், வந்தார் என்பதே கேள்வியாக இருந்தது.

வாயிலுக்கும் வழிகளுக்கும் காமிரா ஏற்றது என்பதற்கு ஒளியியலிலும் காரணம் உண்டு. அறையின் மூலையில் மாட்டும் காமிராவுக்கு ஏறத்தாழ 100 பாகை அகலம் காட்டும் லென்ஸ் இருக்கும். 10 மீட்டர் தொலைவில் அது காட்டும் அகலம் என்ன? 2 × 10 × டான் 50°. விடை சுமார் 24 மீட்டர். 1,920 புள்ளிகளை அதில் பரப்பினால் மீட்டருக்கு 80 புள்ளி. 16 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு முகத்துக்குக் கிடைப்பது 13 புள்ளிதான்! அறிமுகமில்லாத ஒருவரை அடையாளம் காண மீட்டருக்கு 250 புள்ளியாவது வேண்டும் என்கிறது பன்னாட்டு நியமம். சினிமாவில் போலீஸ் அதிகாரி, ‘பெரிதாக்கு, இன்னும் பெரிதாக்கு’ என்றதும் கார் நம்பர் பளிச்சென்று தெரிவதெல்லாம் சினிமாவோடு சரி. இல்லாத புள்ளியை எந்தக் கம்ப்யூட்டரும் படத்திலிருந்து எடுத்துத் தர முடியாது. ஊகித்து வரைந்து வேண்டுமானால் தரும். குறுகிய கோணத்தில் பார்க்கும் ஒரு நல்ல காமிரா வாயிலில் இருந்தால் உள்ளே வரும் ஒவ்வொரு முகமும் தெளிவாக விழும். மூலைக்கு மூலை மாட்டிய பத்துக் காமிராக்களைவிட அது மேல்.

காமிராவால் குற்றம் குறைகிறதா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். வெல்ஷ், ஃபாரிங்டன் முதலியோர் பல நாடுகளில் 40 ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளியிட்ட முடிவு: காமிரா இருந்த இடங்களில் குற்றங்கள் சுமார் 13 சதவீதம் குறைந்தன. கார் நிறுத்துமிடங்களில்தான் பலன் அதிகம். அடிதடி, வன்முறை ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. திட்டமிட்டுத் திருடுபவன் காமிராவைப் பார்த்துத் தயங்குவான். கோபத்தில் கை ஓங்குபவன் அண்ணாந்து பார்த்துவிட்டா ஓங்குகிறான்? இவை நகரங்களில் நடந்த ஆய்வுகள். பள்ளிக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வகுப்பறையில் காமிரா மாட்டினால் சண்டையும் சீண்டலும் நின்றுவிடும் என்பவர்கள் அதற்குச் சான்று காட்ட வேண்டும்.

இப்போது தெர்மாமீட்டர் கேள்விக்கு வருவோம். கவனிக்கப்படுவதால் வகுப்பறை மாறுமா?

இங்கே கரப்பான் பூச்சிகளை அழைத்து வர வேண்டியிருக்கிறது. ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் 1969-ல் வெளியிட்ட சோதனை இது. கரப்பான் பூச்சி வெளிச்சத்தைக் கண்டால் ஓடும். அது ஓடுவதற்கு நேரான பாதை ஒன்றும், திருப்பங்கள் உள்ள பாதை ஒன்றும் அமைத்தார்கள். பாதையோரம் சிறு பெட்டிகளில் வேறு கரப்பான் பூச்சிகளை ‘ரசிகர்களாக’ உட்கார வைத்தார்கள். என்ன நடந்தது? ரசிகர்கள் இருந்தபோது நேர்ப்பாதையில் பூச்சி வேகமாக ஓடியது. திருப்பங்கள் உள்ள பாதையிலோ, தனியாக ஓடியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது!

சயான்ஸ் 1965-லேயே ஒரு கருத்து வெளியிட்டிருந்தார். நன்றாகப் பழகிய செயல், பிறர் முன்னிலையில் இன்னும் நன்றாக வரும். புதிதாகக் கற்கும் செயல் பிறர் முன்னிலையில் தடுமாறும். மாணவர்களுக்கு அவர் பாதி வேடிக்கையாக ஒரு யோசனையும் சொன்னார்: தனி அறையில் படியுங்கள், பரீட்சையைப் பெருங்கூட்டத்தின் முன் மேடையேறி எழுதுங்கள்!

‘காமிராவும் ஆளும் ஒன்றா?’ என்று கேட்பது நியாயமே. ஜான் ஐயெல்லோ, கேத்ரின் கோல்ப் என்ற இருவர் 1995-ல் இதைக் கம்ப்யூட்டரில் தகவல் பதியும் வேலையை வைத்துச் சோதித்தார்கள். அருகில் ஆள் இல்லை. கம்ப்யூட்டர்தான் வேலையைக் கவனித்தது. வேலையில் தேர்ந்தவர்கள், கவனிக்கப்படும்போது அதிகம் செய்தார்கள். தேர்ச்சி குறைந்தவர்கள் கவனிக்கப்படும்போது குறைவாகச் செய்தார்கள்.

மிகைப்படுத்த வேண்டாம். இவ்வகை ஆய்வுகள் 241-ஐ ஒன்றுசேர்த்துப் பார்த்த 1983-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, விளைவு உண்மைதான், ஆனால் சிறியது என்று கண்டது. மேலும், காமிரா மாட்டிய ஒரு வாரத்தில் அதை மறந்துவிடுவோம் என்று நீங்கள் சொல்லலாம். பலர் மறந்தும் விடுவார்கள். ஆனால் யார் மறக்க மாட்டார்கள் என்று யோசியுங்கள். கணக்கில் தேர்ந்த மாணவி கரும்பலகைக்குக் கூசாமல் போவாள். ஆங்கிலம் வாயில் வராத மாணவன், கேள்வி கேட்க அஞ்சும் மாணவி, முதல் ஆண்டு பாடம் எடுக்கும் இளம் ஆசிரியை: இவர்களுக்குத்தான் அந்தச் சிறு விளைவு வந்து சேரும். வகுப்பறை என்பது இன்னும் தேராதவர்களுக்காக ஏற்பட்ட இடம். அங்கே தவறான விடை சொல்லலாம். நாற்பது பேர் சிரிக்கலாம். மணி அடித்ததும் எல்லோரும் மறந்துவிடலாம். அந்த மறதி எவ்வளவு பெரிய வசதி என்பது, தன் தவறான விடை படமும் ஒலியுமாக 15 நாள் வட்டில் இருக்கிறது என்று அறியும்போதுதான் தெரியும்.

டில்லி அரசு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. வகுப்பறையில் நடப்பதைப் பெற்றோர் தங்கள் கைப்பேசியிலேயே பார்க்கும் திட்டத்தை 2019 ஜூலையில் துவக்கியது. உங்கள் மகனை நீங்கள் பார்க்கலாம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே திரையில் அடுத்த பெஞ்சுப் பையனும் தெரிகிறானே! அவன் அடி வாங்கியதையோ அழுததையோ நீங்கள் ஏன் பார்க்க வேண்டும்?

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. படத்தில் 13 புள்ளி முகம் தெளிவாகாது. குரல் அப்படியன்று. இடைவேளையில் வீட்டுக் கஷ்டத்தைத் தோழியிடம் சொல்லும் மாணவியின் குரல் மைக்ரோபோனில் தெளிவாகவே விழும். இதனால் எந்த விபத்தும் தடுக்கப்படப் போவதில்லை.

இன்னொரு அபாயம் பின்னால் வருகிறது. 4,800 மணி நேரப் படத்தை மனிதர் பார்க்க முடியாது என்றோம், எந்திரம் பார்க்கும். 2018-ல் சீனாவின் ஹாங்சோ நகரப் பள்ளி ஒன்றில் காமிராக்கள் 30 விநாடிக்கு ஒருமுறை மாணவர் முகங்களைப் படித்து, யார் கவனிக்கிறார், யார் தூங்குகிறார், யார் கோபமாக இருக்கிறார் என்று பட்டியலிட்டன. முகத்தைச் சுளித்தால் கோபம் என்று எந்திரம் எழுதிவிடும். கடினமான கணக்கைப் போடுபவரும் முகத்தைச் சுளிக்கத்தானே செய்வார்? சுவீடனில் ஷெலெஃப்டியோ என்ற ஊரின் பள்ளி, 22 மாணவர்களின் வருகையை மூன்று வாரம் முகத்தைக் கொண்டு பதிவு செய்தது. மாணவர்களின் சம்மதம் வாங்கியே செய்தோம் என்றது. அந்நாட்டுத் தகவல் பாதுகாப்பு ஆணையம் ஏற்கவில்லை. பள்ளி கேட்கும்போது மாணவர் மறுக்க முடியாத நிலையில் இருக்கிறார், அதைச் சுதந்திரமான சம்மதம் என்று கொள்ள இயலாது என்று கூறி, 2019-ல் 2 லட்சம் குரோனர் அபராதம் விதித்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் பள்ளிகளில் முகமறி கருவியை 2023-ல் தடை செய்தது.

நம் நாட்டில்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் இயற்றப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர்களின் நடத்தையைத் தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்ற பிரிவு இருக்கிறது. ஆனால் 2025 நவம்பரில் வந்த விதிகள், கல்விப் பணிக்காகவும் பாதுகாப்புக்காகவும் பள்ளிகளுக்கு விலக்கு அளிக்கின்றன. சட்டம் ஒரு கையால் கொடுத்ததை விதி மறு கையால் வாங்கிக்கொண்டது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

‘தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?’ என்பார் உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது. டைரி எழுதும் பழக்கமுள்ளவர் யாரும் அதைத் தெருத் திண்ணையில் விரித்து வைப்பதில்லை. அதில் தப்பு எழுதியிருப்பதாலா?

பாதுகாப்பு என்ற சொல்லையும் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். சி.பி.எஸ்.இ.யின் அறிவிப்பு வந்த நாலாம் நாள், 2025 ஜூலை 25 அன்று, ராஜஸ்தானின் ஜாலாவார் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியின் கட்டிடம் இடிந்து ஏழு குழந்தைகள் மாண்டனர். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் தீயில் 94 குழந்தைகளை இழந்ததை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே வேண்டியிருந்தவை ஓலை இல்லாத கூரையும், அகலமான மாடிப்படியும், திறந்த வழியும். காமிராவுக்குப் பணம் ஒதுக்கும் பள்ளி, அதற்கு முன் கூரையையும் படியையும் தீயணைப்புக் கருவியையும் பார்த்ததா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சீண்டலுக்கு ஆளான மாணவர் நம்பிச் சென்று சொல்ல ஓர் ஆசிரியர் இருக்கிறாரா என்பதையும் அதோடு சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள் பள்ளியில் காமிராக்கள் ஏற்கனவே இருந்தால் என்ன செய்வது? கல்லெறிய வேண்டாம், சூயிங்கம் ஒட்டவும் வேண்டாம். மாணவர் தலைவர் மூலமாகத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். எந்தக் காமிரா எதைப் பார்க்கிறது என்று அறிவிப்புப் பலகையில் ஒரு வரைபடம் ஒட்டச் சொல்லுங்கள்; காமிராவை நீங்கள் எண்ணிய கணக்கு இங்கே உதவும். பதிவு எத்தனை நாளில் அழிக்கப்படுகிறது, கருவியின் கடவுச்சொல் மாற்றப்பட்டதா, அல்லது கடையிலிருந்து வந்தபோது இருந்ததே இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். மாற்றாத கடவுச்சொல் திறந்த கதவு. உலகில் எங்கிருந்து வேண்டுமானாலும் ஒருவர் இணையத்தின் வழியே உள்ளே பார்க்கலாம். கடைசியாக, பதிவைத் திறந்து பார்த்தவர் யார், எந்தத் தேதியில், எதற்காக என்று எழுதிவைக்க ஒரு குறிப்பேடு வைக்கச் சொல்லுங்கள். அதற்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.